ஏ வரிசைன்னா கடைசி வரிசைதானே?

லண்டனில் படிக்கிற என் மகள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோ காலில் வந்துவிடுவாள். எங்களுக்குச் சாப்பாடு முடிந்து கண் சொக்கும் நேரம், அவளுக்கு அப்போதுதான் பல் துலக்கும் நேரம். தாத்தாவிடம் கேட்க அவளுக்கு வழக்கமாக இரண்டு கேள்விகள் உண்டு: மாத்திரை போட்டீங்களா, பாட்டிகிட்ட சண்டை போட்டீங்களா. அன்றைக்கு இரண்டுக்கும் "ம்" என்று பதில் வந்துவிட்டதால் பேச விஷயமில்லாமல் போய், "தாத்தா, அடுத்த மாசம் இங்க ஒரு பெரிய தியேட்டர்ல பாட்டு நாடகம் பாக்கப் போறேன். எந்த சீட்டு எடுக்கலாம், நீங்களே சொல்லுங்க" என்று கேட்டுவிட்டாள்.

ஏதோ பேச்சுக்குக் கேட்டாள். ஆனால் எங்கள் அப்பாவிடம் தியேட்டர் சீட்டைப் பற்றிப் பேச்சுக்குக்கூடக் கேட்கக் கூடாது. சாய்வு நாற்காலியில் இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "மொதல்ல பால்கனி இருக்குதான்னு பாரு கண்ணு" என்றார்.

அப்பா செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். சனிக்கிழமை கூலி வாங்கினால் அன்றைக்கே இரண்டாவது ஆட்டம். அதோடு சேலத்துக்காரர் என்பதால் சினிமாவே தன் பங்காளி வீட்டுச் சொத்து என்ற நினைப்பு வேறு. வெளியூரிலிருந்து வந்தவர்கள் ஏற்காடு ரோட்டில் அந்த நுழைவாயில் வளைவைப் பார்த்துவிட்டு, "மாடர்ன் தியேட்டர்ஸ்ல இப்ப என்ன படம் ஓடுது?" என்று கேட்டால் போச்சு. அது படம் காட்டுகிற தியேட்டர் இல்லை, டி.ஆர். சுந்தரம் 1930களில் ஆரம்பித்துப் படம் எடுத்த ஸ்டூடியோ என்று தொடங்கி, வந்தவர் பஸ்ஸைத் தவறவிடும் வரை சொல்லுவார்.

தரை, பெஞ்சு, செகண்ட் கிளாஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று படிப்படியாக ஏறி, கல்யாணமான வருஷம் பால்கனியைத் தொட்டவர் அவர். அதற்கப்புறம் கீழே இறங்கவே இல்லை. பால்கனியிலும் எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்துவிட மாட்டார். நடுவில் உட்கார்ந்தால் இடைவேளையில் பத்து முழங்காலைத் தாண்ட வேண்டும். ஆபரேட்டர் ரூம் ஓட்டைக்கு நேர் கீழே உட்கார்ந்தால் எழுந்து நிற்கும்போது நம் தலை திரையில் கதாநாயகியின் மடியில் விழும். கக்கூஸ் கதவுப் பக்கம் வேண்டவே வேண்டாம். ஃபேனுக்கு நேர் கீழேயும் கூடாது, ஏனென்றால் அந்தக் காலத்து ஃபேன் வசனத்தைவிடச் சத்தமாகப் பேசும். ஆகக் கடைசி வரிசை, சுவரில் தலை சாய்க்கிற மாதிரி, வழி ஓரத்து சீட்டு. படம் நன்றாக இருந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் தூங்கலாம், முடிந்ததும் முதல் ஆளாக சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஓடலாம். இதில் மூன்றாவதுதான் முக்கியம் என்பார் அம்மா. கல்யாணமான புதிதில் முதன்முதலாகக் கூட்டிப்போன படத்தின் கடைசிப் பத்து நிமிஷம் அம்மாவுக்கு இன்றைக்கு வரை தெரியாது. சைக்கிள் ஸ்டாண்டில் கூட்டம் சேருவதற்குள் கிளம்பிவிட்டார்களாம்.

இவ்வளவு பால்கனி பக்தி இருந்தும் காசு விஷயத்தில் அப்பா கறார். ஆன்லைனில் டிக்கெட் எடுத்தால் முப்பது ரூபாய் கூடுதலாகப் பிடிக்கிறார்கள் என்று ஐந்து ரோட்டைச் சுற்றிக்கொண்டு கவுண்டருக்கே போவார். பெட்ரோல் நாற்பது ரூபாய்க்கு. டிக்கெட் 100 ரூபாய்க்குள் இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம், தாண்டினால் 18 சதவீதம் என்பதைப் பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளைவிட நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார்.

சரி, லண்டனுக்கு வருகிறேன். மகள் அந்தத் தியேட்டரின் சீட்டுப் படத்தை அனுப்பினாள். என் செல்போனில் அது கம்பளிப்பூச்சியை நசுக்கிய மாதிரி தெரிந்தது. "இதுல என்ன பாக்கறது? தாள்ல போட்டுக் கொண்டா" என்றார் அப்பா. ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைத் தம்பி பிரிண்ட் எடுத்துத் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த பஸ்ஸுக்கா? ரெண்டு மூணு அடுக்கு இருக்குது. மேல் பெர்த்து எடுக்காதீங்க, வளைவுல உருட்டி விட்டுரும்" என்றான். ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிற ஊரில் வேறென்ன தோன்றும்?

தாளைப் பார்த்த அப்பா முதலில் பேசவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கீழ்த்தளம் 120 பவுண்ட் என்றிருந்தது. பால்கனி 25 பவுண்ட்.

"கண்ணு, போனைப் போடு. வெலையை மாத்திப் போட்டுட்டானுங்க. அவனுங்க கவனிச்சுத் திருத்தறதுக்குள்ள ரெண்டு டிக்கெட்டு எடுத்துரச் சொல்லு!"

மகள் சிரித்துச் சிரித்துப் புரையேறி, அப்புறம்தான் விளக்கினாள். அங்கே நாடகக் கொட்டகையில் எல்லாமே தலைகீழ். கீழ்த்தளத்துக்கு ஸ்டால்ஸ் என்று பெயர், அதுதான் விலை அதிகம். அதற்கு மேலே ட்ரெஸ் சர்க்கிள், அதற்கும் மேலே அப்பர் சர்க்கிள், எல்லாவற்றுக்கும் உச்சியில், கூரைக்குக் கீழே பால்கனி. உயரம் ஏற ஏற விலை இறங்கும். பழைய காலத்துத் தியேட்டர்களில் உச்சிக்குப் போகிறவர்களுக்குப் பக்கத்துச் சந்தில் தனி வாசல், தனிப் படிக்கட்டு, உட்காரப் பெஞ்சு. பெரிய மனிதர்களோடு மோதிக்கொள்ளக் கூடாதாம்.

"ஸ்டால்ல உக்காரவா அத்தனை காசு?" என்றார் அம்மா. "ஆடிப் பண்டிகைப் பொருட்காட்சியில ஸ்டால் ஸ்டாலா சும்மாதானே சுத்துவோம்."

அப்பாவுக்கு அது பிரச்சினை இல்லை. பால்கனியை மட்டம் என்று சொன்னதுதான் பிரச்சினை. நாற்பது வருஷம் கூலியில் மிச்சம் பிடித்து ஏறிய இடம். அதைப் போய் லண்டனில் தரை டிக்கெட் ஆக்கி வைத்திருக்கிறார்கள் என்றால்?

எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். சினிமாவில் திரை பெரிது, முகமே முப்பது அடிக்கு வரும், கிட்டே இருந்தால் கழுத்து வலிக்கும். அதனால் தள்ளி, உயரத்தில், திரைக்கு நேராகக் கண் இருக்கிற இடத்துக்கு மவுசு. நாடகத்தில் ஆள் ஐந்தரை அடிதான். உச்சியிலிருந்து பார்த்தால் வழுக்கையும் வகிடும்தான் தெரியும், முகம் தெரிய வேண்டுமானால் கீழே கிட்டே போக வேண்டும். அதற்குத்தான் காசு. அப்பா யோசித்தார். "அப்ப நம்மூர்க்காரன்தான் வெவரம். மேல உக்காந்தும் மொகத்தைப் பாத்தான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

மகள் இன்னொரு விஷயம் சொன்னாள். அந்த உச்சி பால்கனிக்கு இங்கிலீஷில் "தெய்வங்கள்" என்று ஒரு செல்லப் பெயர் உண்டாம். கூரையில் வரைந்திருக்கும் சாமிகளுக்குப் பக்கத்தில் உட்காருவதால் அப்படி. அம்மா உடனே, "சாமி பக்கத்துல போறதுக்குக் கம்மிக் காசா? இங்க சாமிகிட்டப் போகத்தானே நூறு ரூவா சிறப்பு தரிசனச் சீட்டு!" என்றார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

அதற்கப்புறம் ஒரு வாரம் அந்தத் தாள் எங்கள் சாப்பாட்டு மேஜையிலேயே கிடந்தது. அதன் மேல் ஒரு நாள் சாம்பார் சிந்தியது, ஒரு நாள் தட்டுவடை செட் வைத்துச் சாப்பிட்டதில் அப்பர் சர்க்கிள் முழுக்கப் பீட்ரூட் நிறம். சில சீட்டுகளில் மட்டும் பார்வை மறைக்கும் என்று குறி போட்டு இன்னும் குறைந்த விலை. அவற்றை அப்பா பேனாவால் ஒவ்வொன்றாக அடித்தார். அந்தக் காலத்தில் ஒரு தியேட்டரில் தூணுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, படம் முழுக்க வில்லனை மட்டும் பார்த்தவராம். கதாநாயகன் தூணுக்கு அந்தப் பக்கமே நின்றானாம். எல்லாத் தியேட்டரிலும் தூண் இருக்காது தாத்தா, இங்கே தியேட்டர்களாக நிறைந்த வெஸ்ட் எண்ட் பகுதியிலேயே பெரியது கொலீசியம், 1904இல் திறந்தது, 2,359 சீட்டு, அதைக் கட்டிய ஃபிராங்க் மாட்சம் என்பவர் இரும்பு உத்திரத்தை நீட்டிவிட்டு அதன் மேலேயே பால்கனியைத் தொங்க விடுகிறவர் என்று மகள் சமாதானம் சொன்னாள். "தொங்குதா? அப்ப ஓரமா உக்காராத சாமி" என்றார் இவர்.

கடைசியில் வெள்ளிக்கிழமை ராத்திரி அறிவிப்பு வந்தது. "பால்கனி. ஏ வரிசை. வழி ஓரம்."

நான் தாளைப் பார்த்தேன். நம்மூரில் செல்போனில் டிக்கெட் எடுக்கும்போது திரை கீழே இருக்கும், ஏ வரிசை உச்சியில், கடைசியில் இருக்கும். நான் எடுத்த வரைக்கும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். அப்பாவும் அந்தப் பழக்கத்தில்தான் சொல்லியிருக்கிறார். எனக்கும் வித்தியாசமாக எதுவும் படவில்லை. தாளின் ஒரு ஓரத்தில் மேடை என்று போட்டிருந்த இடம் பீட்ரூட்டுக்கு அடியில் போயிருந்தது. மகளோ தாத்தா சொல்லிவிட்டார் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிட்டாள்.

நாடகத்தன்று எங்களுக்கு நடு ராத்திரி. அப்பா தூங்கவில்லை. ஒன்றரை மணிக்கு வாட்ஸ்அப்பில் படம் வந்தது. குறுக்கே ஒரு பித்தளைக் கம்பி. கம்பிக்கு மேலே கொஞ்சம் திரைச்சீலை, கம்பிக்குக் கீழே கொஞ்சம் தரை. மேடை இருக்க வேண்டிய இடத்தில் கம்பி.

அங்கே ஏ வரிசை என்றால் முதல் வரிசை. பால்கனி முதல் வரிசைக்கு முன்னால் யாரும் தவறி விழாமல் இருக்கக் கம்பி வைத்திருக்கிறார்கள். சராசரி உயரம் உள்ளவர்களுக்கு அது ஒன்றும் செய்யாது போலிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் யாரும் சராசரியைத் தொட்டதில்லை. ஐந்தடிக்கு மேல் வளர்ந்தவர் எங்கள் வீட்டுக்காரர் மட்டும்தான், மகள் அவரைக் கொள்ளவில்லை, தாத்தாவைக் கொண்டுவிட்டாள்.

முன்னால் சாய்ந்து பார்த்திருக்கிறாள். பின்னாலிருந்து ஒரு பாட்டியம்மா தோளைத் தட்டி, நீ சாய்ந்தால் எனக்கு மறைக்கிறது என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். அங்கே பால்கனியில் முன்னால் சாயக் கூடாது என்பது எழுதாத சட்டமாம். அப்புறம் முன்னால் மாட்டியிருந்த குட்டி பைனாகுலரை ஒரு பவுண்ட் நாணயம் போட்டு எடுத்திருக்கிறாள். கம்பி இன்னும் பெரிதாகத் தெரிந்ததாம்.

காலையில் பேசினாள். "பாட்டெல்லாம் சூப்பரா இருந்துச்சு தாத்தா. எல்லாமே நல்லாக் கேட்டுச்சு."

அப்பா தெம்பாக, "கேக்கறதுக்கு ஏ வரிசைதான்" என்றார்.

"அதுக்கு ரேடியோ போதாதா? இருபத்தஞ்சு பவுண்டு எதுக்கு?" என்று சமையலறையிலிருந்து சத்தம் வந்தது. அப்பா மேஜையிலிருந்த தாளை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி, பீட்ரூட் கறையை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "அப்ப கடைசி வரிசை எந்த எழுத்து?" என்று என்னைக் கேட்டார். அடுத்த நாடகத்துக்கு வேலையை ஆரம்பித்துவிட்டார்.

ஆதார் நகல் எடுக்கப் போன வாரம் ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். அந்தத் தம்பி மறக்கவில்லை.

"அக்கா, அந்த பஸ்ல சீட்டு கெடச்சுதா?"

"கெடச்சுது தம்பி. கம்பி ஓரம்."

"பரவால்லக்கா, காத்து வரும்" என்றான்.