நிழல் குறுகும் நேரம்

அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் 42 டிகிரி என்றால் இங்கே யாருக்கும் ஆச்சரியமில்லை. சுற்றிலும் பாறை மலை. பகலில் ஏறிய சூட்டை ராத்திரியெல்லாம் கக்கும். இந்த ஊரில் வெயில் படாமலே ஒருத்திக்கு நோய் வரும் என்று, கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்த புதிதில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் அக்கா. வயது நாற்பதுகூட இல்லை. மடியில் முறத்தை வைத்துக் காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை அதே மூலை. இலையை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி, கை நிற்காது. "குந்துனா எழுந்துக்க முடியல நர்சம்மா, செவுத்த புடிச்சிக்கறேன்" என்றார். மூட்டுவலி என்றே நினைத்து ஒரு வருஷத்தை வீணாக்கினேன். அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் போகவில்லை. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி வெறும் 8. 20க்குக் கீழே போனாலே குறைபாடு.

வாரம் ஒரு 60,000 யூனிட் மருந்து எழுதிக் கொடுத்தார்கள். "காலை ஆறு மணி இளவெயில்ல நில்லுக்கா" என்று நானும் சேர்த்துச் சொன்னேன். டாக்டர் திருத்தினார். சாய்ந்த வெயிலில், தோல் வைட்டமின் டி தயாரிக்கத் தேவையான புற ஊதாக் கதிர் போதாது. மூடிய கண்ணாடி ஜன்னலைத் தாண்டியும் வராது. நம் நிழல் நம் உயரத்துக்குள் சுருங்க வேண்டும். இங்கே சித்திரையில் அது ஒன்பது மணி சுமாருக்கே வந்துவிடும், மார்கழியில் பத்தரை ஆகும்.

அதே வருஷம் வைகாசியில் செங்கல் சூளையில் ஒருவர் தள்ளாடி உளறினார். "தண்ணி போட்டிருக்கான்" என்றார்கள். கிட்டே போனேன், சாராய வாடையே இல்லை. நெற்றி அடுப்பாய்க் கொதித்தது, அக்குளில் துளி வேர்வை இல்லை. காய்ச்சல்மானி 105 காட்டியது. போதை இல்லை, வெப்பத் தாக்கு. புளியமரத்தடிக்கு இழுத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, இரண்டு பேர் துண்டால் விசிற, 108 ஆம்புலன்ஸ் வந்தது. நினைவு தப்புகிறவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று ஒரு பெரியவரிடம் சண்டையே போட்டேன். மயங்கியவர் பிழைத்தார்.

அக்கா இப்போது பத்து மணிக்கு முறத்தோடு திண்ணைக்கு வந்துவிடுகிறார். சூளைக்காரரிடம், விடியலில் தொடங்கிப் பதினொன்றுக்கு நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். தலையாட்டினார். வெள்ளிக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.