டிரஸ்ட்டா, சொசைட்டியா?

ரெண்டு வருஷமா எங்க மொட்டை மாடில சாயங்காலம் புள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்குறோம்ல, அதை முறையா பதிவு பண்ணிடலாம்னு இறங்கினேன், இறங்கினப்புறம்தான் தெரியுது இது தனி உலகம்னு. தமிழ்நாட்டுல சொசைட்டி, அதாவது சங்கமா பதிவு பண்ணணும்னா 1975 சட்டப்படி கொறஞ்சது 7 பேர் வேணும். வாட்ஸ்அப்ல "சூப்பர்டா" போட்டவங்க நாப்பது பேர், ஆதார் காப்பி கேட்டதும் மிஞ்சினது நாலு, அதுல ஒண்ணு என் பொண்டாட்டி.

சரி டிரஸ்ட்டே போடுவோம்னு பத்திரம் எழுதுறவர்கிட்ட போனா, நோக்கம்ங்கிற எடத்துல கோசாலை, முதியோர் இல்லம்னு யாரோட பழைய பத்திரத்துலயோ இருந்ததை அப்படியே இறக்கி வச்சிருக்கார். "இருக்கட்டும் சார், பின்னாடி யூஸ் ஆகும்"ங்கிறார். அடிச்சு மறுபடி எழுத வச்சேன்.

அப்புறம் பான், பேங்க் அக்கவுண்ட், வருமான வரி ஆபீஸ்ல வாங்க வேண்டிய 12ஏ (டிரஸ்ட்டோட வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி. 80ஜி இருந்தாதான் குடுக்கிறவங்களுக்கு வரிச்சலுகை, அதுவும் 2000 ரூபாய்க்கு மேல கேஷா குடுத்தா கெடையாது. துபாய் மச்சான் இந்திய பாஸ்போர்ட்தான், அவன் பேங்க் வழியா அனுப்பலாம். சிங்கப்பூர் சிட்டிசன் ஆயிட்ட சித்தப்பாகிட்ட வாங்கணும்னா எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை வாங்குறதுக்கான சட்டப்படி பதிவு வேணும், அந்தப் பதிவுக்கு 3 வருஷம் நடத்திக் காட்டணும். சித்தப்பா கோச்சுக்கிட்டார்.

திங்கக்கிழமை ரெஜிஸ்டர் ஆபீஸ் போறோம். சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும், யாராச்சும் வர்றீங்களா?