படபடப்பு நின்ற பிறகு

"படபடப்பெல்லாம் நின்னுபோச்சுங்க மேடம்" என்று அவர் சொன்னதும் கேஸ் ஷீட்டில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதினேன். மனநல ஆலோசகராக எனக்கு அது இரண்டாவது வருஷம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர் அவர். (ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) முதலில் வந்தபோது நெஞ்சு அடைப்பு, கை நடுக்கம், படுத்தால் இரவு ஒரு மணிவரை தூக்கமில்லை. ஈசிஜி, தைராய்டு எதிலும் குறையில்லை. வாயுத்தொல்லைதான் என்று யாரோ சொல்ல, ஓமத்திரவம் வேறு குடித்திருந்தார். பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7 கேள்வித்தாளில் 21-க்கு 16.

மூன்று மாதத்தில் அது 5 ஆனது. வேலைக்குப் போகிறாரா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

போகவில்லை. சூப்பர்வைசர் திட்டுவாரோ என்று முதலில் கம்பெனியை விட்டிருக்கிறார். பஸ்ஸில் மயக்கம் வந்துவிடுமோ என்று அம்மா வீட்டுக்குப் போவது நின்றது. பிறகு விசேஷங்கள், கடைவீதி, பக்கத்து வீட்டுத் திண்ணைகூட. பயப்பட எதுவும் மிச்சமில்லை, அதனால் படபடப்பும் இல்லை. ஆனால் கைக்காசும், நாலு பேரோடு சிரிக்கிற நேரமும் அதோடு சேர்ந்தே போயிருந்தன. பதற்றத்தின் பின்னால் மனச்சோர்வு வருகிற வழிகளில் இது ஒன்று, சத்தமே இருக்காது.

அடுத்த முறை மாமியார் கூட வந்தார். "மூணு மணிக்கே முழிச்சுட்டு விட்டத்தையே பாத்துட்டுப் படுத்திருக்குதுங்க. ரசத்துல உப்பு இல்லீன்னாலும் அதுக்குத் தெரியறதில்லீங்க."

தூக்கம் பிடிக்காமல் புரள்வது பதற்றத்தில் அதிகம், விடியுமுன் விழிப்பது மனச்சோர்வில் அதிகம். பாடத்தில் படித்ததுதான். மண்டையில் ஏற ஒரு மாமியார் வேண்டியிருந்தது.

மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாள் போட்டேன்: 27-க்கு 19. அதில் ஒன்பதாவது கேள்வி, சாக வேண்டும்போல் தோன்றுகிறதா என்பது. பதில் வரவில்லை. மாமியாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டேன். வெகுநேரம் அழுதார். அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன், எஸ்சிட்டலோபிராம் ஆரம்பித்தார். பதற்றம், சோர்வு இரண்டுக்கும் கொடுக்கிற மாத்திரை. பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், முதல் சில நாள் படபடப்பு கூடலாம், பயந்து நிறுத்திவிடக்கூடாது என்று நாலைந்து தடவை சொல்லி அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து வந்தவர், "மறுபடியும் படபடங்குதுங்க மேடம்" என்றார். எப்போது என்று கேட்டேன். அம்மா வீட்டுக்குப் போக பஸ் ஸ்டாண்டில் நின்றபோதாம்.

"ஏறுனீங்களா?"

"ஏறிட்டனுங்க."

கேஸ் ஷீட்டில் அதை மட்டும் எழுதினேன்.