அம்மன் பாட்டும் என் லேப்டாப்பும்

குடியாத்தத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு திருவிழா முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. இரவு எட்டு மணிக்குப் பொண்ணும் மாப்பிள்ளையும் வாசலிலிருந்து மேடைக்கு நடந்து வர, டிஜேயான நான் என் லேப்டாப்பில் என்ட்ரி பாட்டை ஏற்றிவிட்டேன். பாதி வழியில் கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் ஜெனரேட்டர் ஓடி, விளக்கும் ஸ்பீக்கரும் உயிர்பெற்றன. பாட்டுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது. காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி படபட, கரகர. பொண்ணு நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். மைக்செட் அண்ணன் ஓடி வந்து என் சேனலை இறக்கிவிட்டு, மிக்சரில் செருகியிருந்த தன் பென்டிரைவைத் தட்டினார். திருவிழாவுக்கு ஏற்றி வைத்தது அதில் அப்படியே இருந்திருக்கிறது. மாப்பிள்ளையும் பொண்ணும் அம்மன் பாட்டுக்கு மேடை ஏறினார்கள். முன்வரிசையில் ஒரு பாட்டி கும்பிடவே செய்தார்.

எனக்கு வாரநாட்களில் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு வேலை. டிஜே என்பது சனி, ஞாயிறு, முகூர்த்த நாட்களில். அடுத்த நாளே, லேப்டாப்புக்கு வயசாகிவிட்டது என்று முடிவு கட்டி, 8 ஜிபி ராமை 16 ஆக்கினேன். பைசா போனதுதான் மிச்சம். அன்று ராத்திரியே கேட்டேன், நடுநடுவே அதே 'டிக்'.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. பந்தியில் சாம்பார் வாளிக்காரர் வரிசையைச் சுற்றி வருகிற மாதிரிதான் ப்ராசஸரும் ஒலியைச் சின்னச் சின்னக் கரண்டியாக ஊற்றிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கரண்டிதான் பஃபர். நான் வைத்திருந்தது 256 சாம்பிள், அதாவது 256 ஒலித் துணுக்கு. நொடிக்கு 44,100 சாம்பிள் என்னும் கணக்கில் 6 மில்லி செகண்டுக்கும் குறைவு. அதற்குள் அடுத்த கரண்டி விழவில்லை என்றால் இலை காய்ந்துவிடும், அந்தக் காய்ச்சல்தான் 'டிக்'. நடுவில் யாரோ வாளிக்காரரைக் கூப்பிட்டுப் பேச்சுக் கொடுக்கிறார்கள். சமையல்கட்டை எவ்வளவு பெரிதாக்கினாலும் இதற்கு ஆகாது. நான் ராம் வாங்கியது சமையல்கட்டைப் பெரிதாக்கிய கதை.

பேச்சுக் கொடுப்பது யார் என்று காட்ட லேட்டன்சிமான் என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது. ஓடவிட்டேன். ஐந்து நிமிடத்தில் சிவப்பு. டிரைவர் (லேப்டாப்பின் ஒவ்வொரு பாகத்தையும் இயக்கும் மென்பொருள்) பட்டியலில் தலையில் நின்றது நெட்வொர்க் சம்பந்தப்பட்டது. டிவைஸ் மேனேஜரில் வைஃபையை டிசேபிள் செய்துவிட்டு மறுபடி ஓட்டினேன், அரைமணி நேரம் பச்சையாகவே இருந்தது. ப்ளூடூத்துக்கும் அதே கதி. கையோடு, கரண்ட் மிச்சம் பிடிக்க யுஎஸ்பியைத் தூங்க வைக்கும் செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்தினேன், பாட்டு ஃபோல்டரை ஆன்டிவைரஸ் தொடாதபடி விலக்கு கொடுத்தேன், விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளி வைத்தேன். வாட்ஸ்ஆப் மணிச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்ட அவமானம் ஏற்கெனவே உண்டு என்பதால் சிஸ்டம் சவுண்டும் போச்சு. பஃபரை 512க்கு ஏற்றினேன். 12 மில்லி செகண்ட் தாமதம் எனக்குக் கையில் தெரியவில்லை. பாட்டைக் கையால் முன்னும் பின்னும் இழுத்து ஸ்க்ராட்ச் செய்கிறவர்களுக்குத் தெரியலாம்.

வெயில் தனிக்கதை. வேலூர் சத்துவாச்சாரியில் என் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே. அக்னி நட்சத்திர வெயில் முடிந்தும் தளம் ராத்திரி பத்து மணி வரை கொதிக்கும். வேண்டுமென்றே ஃபேனை நிறுத்திவிட்டு மூன்று மணி நேரம் பாட்டு ஓட்டினேன். சூடு ஏற ஏற ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. பின்மூடியைக் கழற்றினால் விசிறியில் பஞ்சு மாதிரி தூசி. சுத்தம் செய்ததோடு, பவர் ஆப்ஷனில் ப்ராசஸரின் உச்ச வரம்பை 100லிருந்து 99 சதவீதமாக்கினேன். என் மெஷினில் அந்த ஒரு சதவீதம், ப்ராசஸர் தானாக வேகம் கூட்டும் டர்போவை அடக்கிவிட்டது. வேகம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் ஏறி இறங்காமல் ஒரே சீராக நிற்கிறது. எனக்கு வேண்டியது அதுதான்.

மறுபடி மூன்று மணி நேரம் ஓட்டினேன், ஒரு 'டிக்' இல்லை. தெம்பாக ஆனி மாதம் வாலாஜாவில் ஒரு வரவேற்புக்குப் போனேன். அதே மைக்செட் அண்ணன். அங்கேயும் கரண்ட் போனது, ஜெனரேட்டர் வந்தது, கரகரவும் வந்தது! எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணன் என் லேப்டாப்பைப் பார்க்கவில்லை, சார்ஜர் வயர் போகும் வழியைப் பார்த்தார்.

"இன்னா தம்பி, அந்தப் பாயிண்ட்லயா சொருகின? அது ஜெனரேட்டர் லைன்ல இல்லியே. லைட்டுக்கும் மேடைக்கும்தான் கனெக்ஷன் கீது."

சார்ஜரைப் பிடுங்கி மேடைப் பாயிண்டில் அவரே செருகினார். கரகர நின்றது.

குடியாத்தத்திலும் இதேதான் நடந்திருக்கிறது. மண்டபமே வெளிச்சமாக இருந்ததால், என் லேப்டாப் மட்டும் பேட்டரியில், மிச்சம் பிடிக்க வேகத்தைக் குறைத்து ஓடுவதை நான் கவனிக்கவில்லை. பவர் பிளானில் 'சார்ஜரில்' என்று ஒரு வரிசை, 'பேட்டரியில்' என்று இன்னொரு வரிசை. நான் உட்கார்ந்து மாற்றியதெல்லாம் முதல் வரிசையை மட்டும். வீட்டில் சோதனை செய்த மூன்று மணி நேரமும் சார்ஜர் செருகியே இருந்ததே! அன்றிரவு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தேன். இரண்டே நிமிடம், குடியாத்தத்துச் சத்தம் அச்சு அசலாக வந்தது. அவ்வளவு சந்தோஷமாக அந்தக் கரகரவை நான் கேட்டதில்லை. இரண்டாவது வரிசையையும் முதல் வரிசை மாதிரியே மாற்றினேன், பேட்டரி சேவரையும் எடுத்துவிட்டேன். இப்போது பேட்டரியில் விட்டால் ஒரு மணி பத்து நிமிடம் தாங்குகிறது. பாட்டைக் கையால் இயக்கும் டிஜே கன்ட்ரோலரும் யுஎஸ்பி வழியாக அதே பேட்டரியைத்தான் குடிக்கிறது. போதும், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற அவ்வளவு நேரம் ஆகாது.

மேடைப் பாயிண்டுக்கு மாறியதும் வேறொரு தொல்லை. சார்ஜர் செருகினால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல், எடுத்தால் அமைதி. எர்த் லூப், அதாவது லேப்டாப்பும் மிக்சரும் வெவ்வேறு வழியில் எர்த் ஆவதால் வரும் இரைச்சல். பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிடு, சரியாகிவிடும் என்று லைட்டுக்காரப் பையன் யோசனை சொன்னான். சரியாகும்தான், ஆனால் ஷாக் அடித்தால் காப்பாற்ற அந்தப் பின்தானே இருக்கிறது? ஈரக்கையோடு குழந்தைகள் மேடை ஏறுகிற இடத்தில் அந்த வேலையே வேண்டாம். மிக்சர் கரண்ட் எடுக்கும் அதே ஜங்ஷன் பாக்ஸிலேயே என் சார்ஜரையும் செருகியதில் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. மீதிக்கு ஆடியோ லைன் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஐசொலேட்டர் ஒன்று மாட்டினேன், அது வயர்த் தொடர்பைப் பிரித்து ஒலியை மட்டும் கடத்தும். இன்னும் சில மண்டபங்களில் மெல்லக் கேட்கிறது, கூட்டச் சத்தத்தில் யாருக்கும் தெரிவதில்லை.

இப்போது மண்டபத்துக்குப் போனால் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் ஜெனரேட்டர்காரரைத் தேடிப்போய் எந்தப் பாயிண்ட் அவர் லைனில் வருகிறது என்று கேட்கிறேன். சவுண்ட் செக்கின்போது ஒரு பாட்டு முழுக்கச் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஓட்டுகிறேன். செல்போனில் நாற்பது பாட்டு, மிக்சரின் இன்னொரு சேனலில் அதற்கு ஒரு வயர், அது எப்போதும் தயார்.

ஆவணியில் ஆற்காட்டில் ஒரு வரவேற்பு. என்ட்ரி பாட்டு தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கரண்ட் போனது. இருட்டில் லேப்டாப் திரை மட்டும் வெளிச்சம். ஸ்பீக்கர் செத்துக் கிடக்கிறது, என் ஹெட்ஃபோனில் பாட்டு சுத்தமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. ஃபேடரை (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டையை) இறக்கி, பாட்டை என்ட்ரி துவக்கத்துக்கு இழுத்து வைத்துக் காத்திருந்தேன். ஜெனரேட்டர் உறுமியது, விளக்கு வந்தது, ஃபேடரை ஏற்றினேன். ஒரு பிசிறு இல்லை. பொண்ணு மாப்பிள்ளை விட்ட இடத்திலிருந்து நடந்தார்கள்.

பக்கத்தில் பார்த்தால் மைக்செட் அண்ணன், பென்டிரைவைக் கையில் தயாராகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"இன்னா தம்பி, அம்மன் பாட்டு வேணாவா?"