செங்டு பாண்டாக்கள்: மூஞ்சியை விட்டுவிட்டு மரத்தடியைப் பாருங்கள்

சீனாவின் செங்டு நகரிலுள்ள பாண்டா ஆராய்ச்சி மையத்துக்குப் போகிறவர்கள் தயவுசெய்து குட்டிகள் கூடத்தின் வரிசையில் நின்று காலையைத் தொலைக்காதீர்கள். கூட்ட நாட்களில் வரிசை அசையவே அசையாது. முன்னால் போய்ச் சேர்ந்தாலும் தூங்கும் குட்டியின் முதுகுதான் தரிசனம், அதற்குள் "நகருங்கள்" என்று விரட்டிவிடுவார்கள். அந்த நேரத்தை வளர்ந்த பாண்டாக்களின் திறந்தவெளி அடைப்பில் செலவிடுங்கள். மரத்தடியில் வாடை பூசி அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதை அங்கே கவனிக்கலாம்.

நுழைவுச் சீட்டு 55 யுவான், நம் பணத்தில் எழுநூறு ரூபாய்க்குப் பக்கம். பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து முன்பதிவு செய்ய வேண்டும். மெட்ரோ மூன்றாம் தடத்தில் 'பாண்டா அவென்யூ' நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பேருந்து பிடித்தால் சில்லறைக் காசில் முடிகிறது. நிலைய வாசலில் மொத்த ரேட் பேசிக் கூப்பிடும் கார்க்காரர்களிடம் சிக்கினால் நுழைவுச் சீட்டைவிட அதிகமாகப் பறித்துவிடுவார்கள். மீட்டர் போடாத வண்டியில் ஏறவே ஏறாதீர்கள். 7:30க்குக் கதவு திறக்கும்போதே உள்ளே இருங்கள். வெயில் ஏறினால் பாண்டாக்களை ஏசி அறைக்குள் அடைத்துவிடுவார்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். பாண்டா தனிக்கட்டை. பெண்ணுக்கு வருடத்தில் ஒரே ஒரு சினைப்பருவம், மார்ச் முதல் மே வரைக்குள். அதிலும் கருத்தரிக்கக்கூடிய நேரம் ஒன்றிலிருந்து மூன்று நாள்தான். மூங்கில் காட்டில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. வாடை இல்லையென்றால் ஆணும் பெண்ணும் சந்திக்க வழியே இல்லை.

வாலுக்கு அடியில் இருக்கும் சுரப்பியிலிருந்து மெழுகு மாதிரி ஒரு கசிவு வரும். அதை மரத்திலோ சுவர் மூலையிலோ அழுத்தித் தேய்க்கும். சில பாண்டாக்கள் குந்தித் தேய்க்கும், சில பின்பக்கமாக நகர்ந்து வந்து தேய்க்கும், சில ஒரு காலைத் தூக்கும். நான்காவது முறை பிரமாதம்: முன்கால்களை ஊன்றி, பின்கால்களால் மரத்தில் ஏறி, தலைகீழாக நின்று மூத்திரம் பீய்ச்சும். இதைப் பெரும்பாலும் வளர்ந்த ஆண்களே செய்கின்றன. எவ்வளவு உயரத்தில் வாடை இருக்கிறதோ, அவ்வளவு பெரிய ஆள் என்று அர்த்தம். சிச்சுவானிலுள்ள வோலோங் பாண்டா காப்பகத்தில் நடந்த சோதனையில், தரையில் வைத்த வாடையைவிட உயரத்தில் வைத்ததைப் பாண்டாக்கள் கூடுதல் நேரம் மோந்தன.

மூத்திரம் சீக்கிரம் மங்கிவிடும். மெழுகுக் கசிவு அப்படியில்லை, எளிதில் ஆவியாகாத கனமான பொருட்கள் இருப்பதால் மாதக்கணக்கில் நிற்கும். வந்தது ஆணா பெண்ணா, எந்த ஆள், எவ்வளவு பழசு என்பதெல்லாம் அதிலேயே தெரியும். மரத்தையும் கண்டபடி தேர்வதில்லை. முகட்டுப் பாதையோரம், பருத்த அடிமரம், சொரசொரப்பான பட்டை, பாசி பிடிக்காத பக்கம்: இதுதான் கணக்கு. அடைப்பில் நீங்கள் தேட வேண்டியது அடிமரத்தில் எண்ணெய் பூசியதுபோல் கறுத்துப் பளபளக்கும் திட்டு. பாண்டா அங்கே நின்று மோந்து நக்கினால் அசையாமல் கவனியுங்கள்.

வளர்ப்பிடங்களில் இந்த வாடையைப் பொருட்படுத்தாத காலத்தில் ஆணையும் பெண்ணையும் நேரடியாகச் சேர்த்துவிட்டால் கடித்துக்கொள்ளும், அல்லது திரும்பிக்கூடப் பார்க்காது. பிறகு வோலோங்கில் அடைப்புகளை மாற்றி விட ஆரம்பித்தார்கள். அவன் இடத்தில் அவள், அவள் இடத்தில் அவன். வாடை பழகிய பிறகு கம்பிக்கு இருபுறமும் நிறுத்தி, சினைப்பருவத்தின் உச்சத்தில்தான் கதவைத் திறப்பார்கள். அதனால் வசந்த காலத்தில் போனால் சில அடைப்புகள் காலியாகத் தெரியலாம். அதற்காகச் சண்டை போடாதீர்கள், ஊழியர்கள் உருப்படியான வேலைதான் செய்கிறார்கள்.

பாலூட்டிகளில் இது பொதுவழக்கம். கிடா, பெட்டை ஆட்டின் மூத்திரத்தை மோந்து மேலுதட்டைச் சுருட்டுவதும், மதநீர் வழியும் ஆண்யானையைக் கண்டு இளைய ஆண்கள் ஒதுங்குவதும் இதே கதைதான். பெண்யானை சினைக்குத் தயாராகும்போது மூத்திரத்தில் விடும் ஒரு பொருளையே பல அந்துப்பூச்சிப் பெண்களும் காற்றில் விடுகின்றன என்று 1996இல் கண்டுபிடித்தார்கள். எங்கே யானை, எங்கே பூச்சி!

மதியம் மையத்துக்குள் சாப்பிடாதீர்கள், விலை அநியாயம். நகருக்குத் திரும்பி மாப்போ டோஃபு கேளுங்கள், காரக் குழம்பில் மிதக்கும் சோயா பன்னீர். நாக்கை மரத்துப்போகச் செய்யும் சிச்சுவான் மிளகு, சுடுசோறு, அபாரம்! ஆனால் அதில் கொத்துக்கறி இருக்கும். சைவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பணமும் நேரமும் மிச்சமிருந்தால் அதிவேக ரயிலில் சின்லிங் மலைக்குள் ஃபோபிங் வரை போகலாம். அங்குள்ள காப்பகத்தில்தான் காட்டுப் பாண்டாக்கள் புதுக் குதிரைச் சாணத்தை மோந்து, உடம்பெல்லாம் பூசிக்கொண்டு புரள்வதைக் கேமராவில் பிடித்தார்கள். 2020இல் வெளியான ஆய்வு, சாணத்திலுள்ள கேரியோஃபிலின் வகை வாடைப்பொருட்கள் குளிரை உணரும் நரம்பு வாயிலை மட்டுப்படுத்துகின்றன, அதனால் குளிர் அவ்வளவாக உறைக்காது என்கிறது. குளிர் காலங்களில்தான் இந்தப் புரளல் அதிகம். காப்பகத்தின் மையப் பகுதிக்குள் சுற்றுலாப் பயணிகளை விடமாட்டார்கள். "காட்டுப் பாண்டா காட்டுகிறேன்" என்று எவராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.