மழையில் தெரிந்த சிவப்பு

திருவொற்றியூரில் எங்கள் தெருமுனையில் உள்ள தூங்குமூஞ்சி மரத்தின் கீழ் நான்கு ஆண்டுகளாக நகராமல் நின்ற மாமாவின் மாருதி 800 வண்டியை, கடந்த ஐப்பசியில் முதல் பெருமழை ஓய்ந்த ஒரு காலையில்தான் நான் நின்று பார்த்தேன். நாள்தோறும் கடந்து போன வண்டிதான். சுண்ணாம்பு கலந்ததுபோல வெளுத்த ரோஜா நிறமே அதன் நிறம் என்று என் கண் பழகிப் போயிருந்தது. அன்று மழையில் நனைந்திருந்த அது குங்குமச் சிவப்பாக நின்றது. வெயில் ஏறி நீர் காய்ந்த இடங்கள் ஒவ்வொன்றாக மறுபடி வெளுத்ததை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு அழியவில்லை, எதன் அடியிலோ இருக்கிறது என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது.

அதன் காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பெயின்ட் என்பது நிறமித் துகள்களும் அவற்றைப் பிணைத்து வைத்திருக்கும் பிசினும் சேர்ந்தது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் முதலில் மேற்பரப்புப் பிசினைச் சிதைக்கிறது; பிடிமானம் இழந்த நிறமி பொடியாகி மேலே நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் உண்டாகி, விழும் ஒளியை நாலாபுறமும் சிதறடிப்பதால் வெண்மை கூடித் தெரிகிறது. மழைநீர் அந்தப் பள்ளங்களை நிரப்பும்போது சிதறல் குறைந்து அடியில் உள்ள நிறம் வெளிப்படுகிறது. ஆற்றங்கரைக் கூழாங்கல் நனைந்தால் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம் காட்டுவதும் இதனால்தான். எனவே நனைத்தால் நிறம் திரும்புகிறது என்றால், கெட்டிருப்பது பெரும்பாலும் மேல்தோல் மட்டுமே. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு குவளைத் தண்ணீரில் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

மாமா கோயம்புத்தூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். தொலைபேசியில் கேட்டபோது, "உனக்கு வேணும்னா எடுத்துக்கோடா, இரும்புக் கடைக்கு மட்டும் போட்டுடாத" என்றார். வண்டி 2002-ஆம் ஆண்டினுடையது. 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து 2014 தொடக்கத்தில் உற்பத்தி நின்ற அந்த மாதிரியை இனி யாரும் புதிதாக வாங்க முடியாது. பேட்டரி, டயர், பிரேக் ஆகியவற்றை மெக்கானிக் ஒருவர் ஒரு வாரத்தில் சரிசெய்து தந்தார். அவற்றைப் பற்றி எழுத எனக்கு எதுவுமில்லை. பெயின்ட்டுக்கு மட்டும், முழு வண்டியையும் தேய்த்துப் புதிதாக அடிக்க முப்பதாயிரம் ரூபாய் ஆகும் என்றார்கள்.

பணம் ஒரு தடைதான். ஆனாலும் பழைய பெயின்ட்டையே காப்பாற்ற வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு வேறு காரணம் இருந்தது. தொழிற்சாலையில் கண்ணாடியும் இருக்கையும் பொருத்தும் முன்பே வெற்று உடலுக்கு வண்ணம் பூசி, ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டு இறுக்குகிறார்கள். முழுதாய்ப் பூட்டிய வண்டியை அந்தச் சூட்டில் வைத்தால் ரப்பரும் பிளாஸ்டிக்கும் தாங்கா. ஆகவே வெளிப் பட்டறையில் ஹார்டனர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலந்து, நல்ல பட்டறையாக இருந்தால் அறுபது டிகிரி அளவில்தான் உலர்த்துகிறார்கள். வெளியே அடித்த பெயின்ட்டும் நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தச் சூளையில் வெந்த பூச்சை ஒருமுறை தேய்த்து எடுத்துவிட்டால் திரும்பப் பெற வழியில்லை.

வியாசர்பாடியில் நாற்பது ஆண்டுகள் பெயின்டராக வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவர் எங்கள் தெருவில் இருக்கிறார். வண்டியைச் சுற்றி வந்து, பெட்ரோல் மூடியைத் திறந்து உள்பக்கத்தைக் காட்டினார். வெயிலே படாத அந்த உள்ளங்கையளவு இடத்தில் 2002-இன் சிவப்பு அப்படியே இருந்தது. பிறகு ஒரு பனியன் துணியில், பெயின்ட்டை நுண்ணிதாகத் தேய்த்தெடுக்கும் காம்பவுண்ட் என்ற பசையைத் துளி எடுத்துக் கதவின் கீழ்ப்பக்கம் தேய்த்தார், துணி சிவந்தது. மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு இல்லாத, ஒரே அடுக்குப் பெயின்ட் என்பதற்கு அது அடையாளம். கிளியர் கோட் உள்ள வண்டியாக இருந்தால் துணியில் நிறம் ஒட்டாது. அந்தக் கண்ணாடிப் பூச்சே பாம்புச் சட்டைபோல் உரியத் தொடங்கியிருந்தால் எவ்வளவு தேய்த்தும் பயனில்லை, புதிதாக அடிக்கத்தான் வேண்டும். "இது பொழைக்கும் தம்பி. ஆனா தோல உரிச்சிடாத, செத்தத மட்டும் எடு" என்றார்.

எவ்வளவு எடுக்கலாம் என்பதுதான் இந்த வேலை முழுவதும். தொழிற்சாலைப் பெயின்ட் எல்லா அடுக்குகளும் சேர்ந்து சுமார் 100 மைக்ரான், அதாவது ஒரு ஜெராக்ஸ் தாளின் கனம்தான். அதில் நிறம் தரும் மேலடுக்கு பாதிகூட இருக்காது. இதை மனத்தில் வாங்கிக்கொண்ட பிறகு தேய்த்து மெருகேற்றும் எந்திர பஃபரை வாடகைக்கு எடுக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். பழகாத கையில் எந்திரம் சில நொடிகளில் சூடேற்றி அறுத்துவிடும். கை அவ்வளவு விரைவாகத் தவறு செய்வதில்லை.

மார்கழியில் மழை விட்டபின் தொடங்கினேன். காலை ஆறு முதல் எட்டரை வரைதான் நேரம். தகடு குளிர்ந்திருக்க வேண்டும், கடற்காற்று எழும்பியிருக்கக் கூடாது. எங்கள் பக்கத்துத் தூசி சாதாரணத் தூசி அன்று. அத்திப்பட்டுப் பக்கம் வடசென்னை அனல்மின் நிலையமும் மணலியில் ஆலைகளும் எண்ணூர் சாலையில் இரவு பகலாகக் கன்டெய்னர் லாரிகளும் உள்ள இடத்தில், மாடியில் உலர்த்திய துணியே சாம்பல் மணத்தோடு வருகிறது. நிலக்கரிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும், பெயின்ட்டைவிடக் கடினமானவை. காலையில் உலர்ந்த துணியால் வண்டியைத் துடைக்கும் பழக்கம் அந்தச் சாம்பலையே உப்புத்தாளாக்கித் தேய்ப்பதற்குச் சமம். தண்ணீரில் ஊறவைத்து இறக்காமல் அதைத் தொடவே கூடாது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துப் பளபளப்பு ஏற்றுவோரும் உண்டு. அந்தப் பளபளப்பு ஒரு நாள் நிற்கும், மறுநாள் அந்தப் பிசுக்கில் தூசி அப்பிக்கொள்ளும்.

தண்ணீர் எனக்குப் பெரிய பாடமாக அமைந்தது. முதல் நாள் ஆழ்துளைக் கிணற்று நீரில் கழுவி உலரவிட்டேன். பானட் முழுவதும் வெள்ளை வட்டங்கள் படிந்தன. மீஞ்சூர் தொடங்கி இந்தக் கரையோரம் நெடுகிலும் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் ஏறியிருப்பது நெடுநாள் கதை. அந்த உப்புநீர் காய்ந்தால் உப்பு தங்கும். அதன்பின் முதல் அலசலுக்கு மட்டும் ஆழ்துளைக் கிணற்று நீர், கடைசி அலசலுக்கு இரண்டு வாளி மெட்ரோ தண்ணீர் என்று வைத்துக்கொண்டேன். காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய, கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனுள்ள ஆலை எங்கள் பகுதிக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதைக் குடம் தூக்கிய காலத்தில் உணர்ந்திருக்கிறேன். அந்த நீரில் கார் கழுவுவது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. அதனால் குழாய் வைத்து அலசாமல், ஈரத் துணியைப் பிழிந்து ஒற்றியெடுத்து, வாளியில் எஞ்சியதை மரத்துக்கு ஊற்றினேன்.

முதல் கழுவலுக்கு மட்டும் பாத்திரம் துலக்கும் திரவம் பயன்படுத்தலாம். பழைய மெழுகையும் எண்ணெய்ப் பிசுக்கையும் அது எடுத்துவிடும். எப்போதும் அதையே பயன்படுத்தினால் புதிதாக இட்ட மெழுகும் போய்விடும். கழுவிய பிறகு கையை ஒரு மெல்லிய பாலித்தீன் பைக்குள் நுழைத்துக்கொண்டு பெயின்ட் மீது தடவிப் பாருங்கள். வெறுங்கைக்கு வழவழப்பாகத் தோன்றிய இடம் ரவை தூவியதுபோல் நெருடும். எங்கள் வண்டியில் நெருடியவற்றில் பல, ஆரஞ்சு நிறப் புள்ளிகள். இரயில் பாதையும் வெல்டிங் பட்டறைகளும் பக்கத்தில் இருப்பதால் பறந்து வந்து பதிந்த இரும்புத் துகள்கள் அங்கேயே துருப்பிடித்திருந்தன. அவற்றைக் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் துகள் பெயர்ந்து கோடு கிழிக்கும். கிளே பார் என்று விற்கும், களிமண்போல் பிசையக்கூடிய கட்டியைச் சோப்புத் தண்ணீர் தெளித்த பரப்பின் மேல் அழுத்தாமல் வழுக்கவிட்டால் அது அவற்றைப் பிடுங்கிக்கொள்கிறது. அழுக்கானதும் மடித்துப் பிசைந்து புது முகம் காட்ட வேண்டும். கைதவறித் தரையில் விழுந்தால் அந்தத் துண்டை வீசிவிட வேண்டும். ஒரு மணல் துகள் போதும். இதற்கே நான்கு காலைகள் ஆயின.

அதன்பின் ரப்பிங். ஒரு முழத்துக்கு ஒரு முழம் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஸ்பாஞ்ச் பேடில் சுண்டைக்காய் அளவு காம்பவுண்ட் வைத்து, விரல் நுனியால் அழுத்தாமல் உள்ளங்கையின் பரப்பால் தேய்த்தேன். விரலால் அழுத்தினால் அழுத்தம் ஓரிடத்தில் குவிந்து வரிகள் விழும். வட்டமாகத் தேய்க்கும் வழக்கத்தைப் பெரியவர் தடுத்தார். நேர்க்கோட்டில், முன்னும் பின்னும், பிறகு குறுக்கே தேய்க்கச் சொன்னார். வட்டக் கீறல் எந்தப் பக்கம் வெயில் விழுந்தாலும் மின்னும், நேர்க்கீறல் ஒரு கோணத்தில்தான் தெரியும். காம்பவுண்டில் உள்ள மணிகள் தேயத்தேயப் பசை கண்ணாடிபோல் மெலிந்துவரும். அப்போது நிறுத்தித் துடைக்க வேண்டும். முதல் சதுரத்தைத் துடைத்தபோது துணி செம்பருத்திச் சாறு பிழிந்ததுபோல் இருந்தது. தகட்டில், சுற்றிலும் இருந்த ரோஜா நிறத்துக்கு நடுவே, மழையில் நான் பார்த்த அந்தச் சிவப்பு காய்ந்த நிலையிலும் நின்றது. தெருவில் பால் வாங்கப் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பானட்டை முடிக்க மட்டும் ஐந்து காலைகள் பிடித்தன.

ஐந்தாம் நாள் ஒரு தவறு செய்தேன். பானட்டின் முன்விளிம்பில் தகடு மடியும் வரி ஒன்று இருக்கிறது. ஆர்வத்தில் அதன் மீதும் அதே அளவு தேய்த்தேன். புளியங்கொட்டை அளவுக்குச் பிரைமர் என்ற சாம்பல் நிற அடிப்பூச்சு தெரிந்துவிட்டது. தட்டையான பரப்பைவிட விளிம்பில் பெயின்ட் மெல்லியது. கையின் அழுத்தமும் அங்கேதான் கூடுகிறது. இருபது ஆண்டு வெயில் எடுக்காததை நான் ஒரு நிமிடத்தில் எடுத்துவிட்டேன் என்று அன்று முழுவதும் மனம் ஆறவில்லை. அதன்பின் எல்லா விளிம்புகளிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, மற்றதெல்லாம் முடிந்தபின் டேப்பை எடுத்து விளிம்பை மட்டும் பாலிஷால் இரண்டு தடவைகள் மெல்ல நீவினேன். அந்தப் புளியங்கொட்டையை மெல்லிய தூரிகையால் டச்-அப் பெயின்ட் வைத்து மூடினேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

சக்கர வளைவின் உள்விளிம்பிலும் ஒரு கதவின் அடியிலும் பெயின்ட் கொப்புளித்திருந்தது. உப்புக்காற்றில் உள்ளிருந்து வரும் துரு அது. எந்தப் பாலிஷும் அதைத் தொடாது. சுரண்டி, துருநீக்கி, பிரைமர் இட்டு, நிறம் தொட்டு வைத்தேன்.

பாதி வேலையில் போகி வந்தது. அன்று தெருவெங்கும் பழம்பாயும் சில இடங்களில் டயரும் எரிந்தன. மறுநாள் காலை வண்டி முழுவதும் கரி. அலசியபோது பானட்டிலும் வலப்பக்கக் கதவிலும் கரி தண்ணீரோடு வழுக்கிக்கொண்டு போனது. இன்னும் தொடாத இடப்பக்கத்திலும் டிக்கியிலும் அதே கரி மேடுபள்ளங்களுக்குள் இறங்கி, எத்தனை முறை அலசியும் மங்கலாகத் தங்கிவிட்டது. அழகுக்காகவே இதைச் செய்கிறேன் என்று அதுவரை வீட்டில் சொல்லி வந்தேன். வழவழப்பாக மூடிய பரப்புக்கும் பொடிந்து திறந்த பரப்புக்கும் உள்ள வேறுபாட்டை அன்று விரலால் தொட்டு உணர்ந்தேன்.

காம்பவுண்டுக்குப் பின் நுண்ணிய பாலிஷ், அதன்பின் மெழுகு. கார்னுபா என்ற பிரேசில் நாட்டுப் பனையின் இலையில் படியும் மெழுகு கலந்த டப்பா ஒன்றை வாங்கினேன். அந்த மரம் தன் இலையின் ஈரத்தை வறண்ட வெயிலிலிருந்து காக்கச் சுரப்பதை நாம் தகரத்தின் மேல் பூசுகிறோம் என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மெல்லியதாக இட்டு, மூடுபனிபோல் வெளுத்ததும் மைக்ரோஃபைபர் துணியால் எடுத்துவிட வேண்டும். தடிமனாக இட்டால் காப்பு கூடாது, துடைக்கும் உழைப்புத்தான் கூடும். மொத்தம் பதினெட்டுக் காலைகள். துணி, கிளே, காம்பவுண்ட், பாலிஷ், மெழுகு எல்லாம் சேர்ந்து இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.

கூரை மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. நாள் முழுவதும் நேர் வெயில் வாங்கிய இடம் அதுதான். காக்கை எச்சம் பெயின்ட்டை அரித்த இரண்டு தடங்களும் அங்கே இருக்கின்றன. இன்னும் நான்கு சதுரம் அழுத்தித் தேய்த்தால் பெட்ரோல் மூடியின் உள்நிறத்துக்கு அருகே கொண்டுவந்துவிடலாம் என்று கை துறுதுறுத்தது. பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து கூரையோடு கண்ணை வைத்துப் பார்த்து, "போதும், மிச்சம் இருக்கறது அடுத்த பத்து வருஷத்துக்கு" என்று சொல்லி, என் கையிலிருந்த காம்பவுண்ட் டப்பாவை வாங்கி மூடினார். கூரை அரைச் சாயல் வெளுப்பாகவே இருக்கிறது. அதன் மேல் மட்டும் மெழுகை மாதம் ஒருமுறை இடுகிறேன். மற்ற இடங்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. மரத்தடியிலிருந்து வண்டியை எங்கள் வீட்டுச் சந்துக்குள் மாற்றி நிறுத்தியிருக்கிறேன். அங்கே பிற்பகல் வெயில் விழுவதில்லை.