அச்சகக் கணினியும் ஒரு எஸ்எம்பிஎஸ்ஸும்

ஜனவரி 6, 2025, திங்கள்

உடுமலையில் பெரியப்பாவின் அச்சகத்தில் தை முகூர்த்தப் பத்திரிகை வேலைகள் குவிந்து கிடக்கின்றன. இந்த நேரம் பார்த்துப் பக்கம் அமைக்கும் கணினி காலையில் முரண்டு பிடிக்கிறது. பொத்தானை அழுத்தினால் விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடும். விடாமல் அழுத்தினால் ஒருவழியாகக் கிளம்பி, இரவு வரை ஓடும்.

"மதர்போர்டு போய்விட்டதாம் கண்ணு, எட்டாயிரம் கேட்கிறார்கள்" என்றார் பெரியப்பா. மின்னழுத்தம் அளக்கும் மீட்டரைத் தொடாமலே சொல்லப்பட்ட தீர்ப்பு. கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. குளிர்ந்திருக்கும்போது மறுத்து, சூடானபின் ஓடுகிறதென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது எஸ்எம்பிஎஸ்ஸைத்தான், அதாவது சுவர் மின்சாரத்தைக் கணினிக்கேற்ற குறைந்த மின்னழுத்தங்களாக மாற்றித் தரும் பெட்டியை.

ஜனவரி 7, செவ்வாய்

கணினி சூடேறுவதற்குள் பார்த்துவிட வேண்டுமென்று கடை திறக்கும்போதே போய்விட்டேன். எஸ்எம்பிஎஸ்ஸின் இணைப்புகளை எல்லாம் கழற்றி, மதர்போர்டு இல்லாமலே அதைக் கிளப்ப, 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தேன். விசிறி சுற்றியது. மஞ்சளில் 12.1, சிவப்பில் 5.08, ஆரஞ்சில் 3.34 வோல்ட். வர வேண்டியவை 12, 5, 3.3. எல்லாம் கச்சிதம்.

பலர் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். சுமையே இல்லாதபோது எடுத்த அளவு அது. அதை நம்பி மதர்போர்டைத் தூக்கி எறிவது அநியாயம்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, கனெக்டரின் பின்புறம் வழியாக மஞ்சள் வயரில் மீட்டர் முனையைச் செருகி, உச்ச அளவைப் பிடித்துவைக்கும்படி செய்து பொத்தானை அழுத்தினேன். 10.7 வோல்ட்டைத் தாண்டவில்லை. ஐந்து சதவீதம் வரை கூடலாம், குறையலாம் என்பது விதி, 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது. எல்லா மின்னழுத்தமும் சரியாக இருப்பதை மதர்போர்டுக்குச் சொல்வது சாம்பல் வயர். அதில் 5 வோல்ட் அளவு வந்து நிலைத்தால்தான் பிராசஸர் வேலையைத் தொடங்கும். அது வரவேயில்லை. மதியம், நன்றாகச் சூடேறிய பிறகு, அதே மஞ்சள் வயரில் 11.7 காட்டியது.

ஜனவரி 8, புதன்

முதல் நாள் இரவே பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்த எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்தேன். பழக்கமில்லாதவர்கள் இதைச் செய்யவே கூடாது. 230 வோல்ட் உள்ளே நேர்மின்னோட்டமாக (டிசி) மாறும்போது சுமார் 325 வோல்ட். மின்னைச் சேமித்து வைக்கும் பெரிய கெபாசிட்டர்களில் அது தங்கியிருக்கலாம். மீட்டரால் அளந்து, வடிந்துவிட்டதை உறுதி செய்த பிறகே கை வைத்தேன்.

வெளியீட்டுப் பக்கம் இரண்டு கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது. ஒன்றின் உச்சியில், வெட்டுக்கோடு வழியாகக் கசிந்து காய்ந்த பழுப்புப் பொருக்கு. உள்ளிருக்கும் திரவம் வற்றினால் உள்தடை ஏறும், சுமை வரும்போது மின்னழுத்தம் சரியும். சூடேறும்போது அந்தத் தடை சற்றுக் குறையும். காலை முரண்டுக்குக் காரணம் அதுதான்.

கெபாசிட்டரை மட்டும் மாற்றலாமா என்று பெரியப்பா கேட்டார். மாற்றலாம், நன்றாகச் செய்யும் கைகள் இந்த ஊரில் உண்டு. ஆனால் இந்தப் பெட்டிக்கு வேண்டாம் என்றேன். மேலே 500 வாட் என்று கொட்டை எழுத்து. கீழே அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர்தான். பெருக்கினால் 216 வாட். இன்றைய கணினிகள் பெரும்பாலும் குடிப்பது அந்த 12 வோல்ட்டைத்தான். வாங்குபவர்கள் பார்க்க வேண்டியது அந்த அட்டவணையை.

ஜனவரி 10, வெள்ளி

12 வோல்ட்டில் 36 ஆம்பியர் தரும் புதிய எஸ்எம்பிஎஸ் மாட்டியாயிற்று. காலையில் முதல் அழுத்தலிலேயே கிளம்பியது. மஞ்சள் வயரில் 11.98 வோல்ட். மதர்போர்டுக்கு ஒரு குறையும் இல்லை.

சுவர் பிளக்கில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 14 வோல்ட் காட்டுகிறது. அது சரியில்லை. நாளை எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருக்கிறேன்.